மூன்று நாற்காலி அடிகள்: ரெஸ்லிங் பார்க்கத் தொடங்குபவருக்கு ஒரு வழி

டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம் என்று முதல்முறை உட்காருகிறவர் அரை மணி நேரத்தில் குழம்பிப்போவார். திங்கள்கிழமை 'ரா'வில் ஒரு கூட்டம், வெள்ளிக்கிழமை 'ஸ்மாக்டவு'னில் இன்னொரு கூட்டம். யாருக்கு யார் எதிரி என்று பிடிபடுவதற்குள் இரண்டு பேர் கட்சி மாறியிருப்பார்கள். சின்ன வயதில் டபிள்யூடபிள்யூஎஃப் (அதன் பழைய பெயர்) ட்ரம்ப் கார்டு வைத்து உயரம், எடை என்று சொல்லி விளையாடியதோடு விட்டுப்போன பலர், திரும்பி வந்து பார்த்துவிட்டு இந்த இடத்தில்தான் மறுபடியும் போய்விடுகிறார்கள்.

அதனால் இந்த வாரம் நடப்பதிலிருந்து தொடங்காதீர்கள். 2014 முதல் 2024 வரை ஒரே ஒரு பொருளைப் பின்தொடருங்கள். ஓர் இரும்பு மடக்கு நாற்காலி. அந்தப் பத்து ஆண்டுகளில் அது மூன்று முறை பெரிய அடியாக இறங்கியது. முதல் இரண்டு முறையும் ஒரே ஆளின் முதுகில். மூன்றாவது முறை நாற்காலி அந்த ஆளின் கையில் இருந்தது. இந்த மூன்று அடிகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டால், ரெஸ்லிங் ரசிகர்கள் எதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பது பிடிபடும்.

முதலில் அந்தக் கேள்வியை முடித்துவிடுங்கள்

"இதெல்லாம் பொய்தானே?" நீங்கள் கேட்காவிட்டாலும் வீட்டில் யாராவது கேட்பார்கள். பதிலைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவு செய்யப்பட்டது. அதை யாரும் மறைப்பதில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று தெரிந்தேதான் ஊர் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரிவதால் கூத்து கெட்டுப்போவதில்லை.

ஆனால் விழுவது நிஜம். ரிங்குக்குள் இருப்பது மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், மேலே கேன்வாஸ், அவ்வளவுதான். அதில் முதுகைத் தட்டையாக விரித்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, அடியை உடம்பு முழுக்கப் பரப்பி விழுவதற்குப் பெயர் பம்ப். ஒரு ரெஸ்லர் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

சந்தேகம் இருந்தால் 2022 ஜூன் 5 அன்று நடந்த 'ஹெல் இன் எ செல்' நிகழ்ச்சியில் கோடி ரோட்ஸ், சேத் ராலின்ஸ் மேட்சைப் பாருங்கள். பயிற்சியில் எடை தூக்கும்போது கோடியின் வலது மார்புத் தசை எலும்பிலிருந்து கிழிந்துவிட்டது. மேட்ச் ரத்தாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்து மேல்கோட்டைக் கழற்றியதும் அரங்கமே மூச்சை இழுத்தது. மார்பிலிருந்து கைவரை கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டிப்போயிருந்தது. அதோடு இருபது நிமிடத்துக்கு மேல் சண்டை போட்டார். முடிவு எழுதப்பட்டதுதான். அந்த நிறத்தை யாரும் எழுதவில்லை.

இன்னொன்று. வீட்டில் குழந்தைகளோடு பார்த்தால், இதை வீட்டில் செய்யக்கூடாது என்று முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். என் சித்தி பையன் கட்டிலிலிருந்து தம்பி மேல் குதித்து, அந்தச் சின்னவன் ஆறு வாரம் கையில் மாவுக்கட்டோடு பள்ளிக்குப் போனான்.

நான்கைந்து சொற்கள் போதும்

நல்லவர் ஃபேஸ். கெட்டவர் ஹீல். ஒருவர் இதிலிருந்து அதற்கு மாறினால் டர்ன். மைக் பிடித்துப் பேசுவது ப்ரோமோ. வாங்கிய அடியை முகத்திலும் உடம்பிலும் காட்டுவது செல்லிங். கூட்டம் ஆர்ப்பரித்தால் பாப், வெறுப்பைக் கொட்டினால் ஹீட். மற்ற சொற்கள் பார்க்கப் பார்க்கத் தானாக வந்துவிடும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள்.

மேட்ச் பார்க்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும்

புதிதாகப் பார்க்கிறவர்கள் குதிப்பதையும் தூக்கிப் போடுவதையும்தான் பார்ப்பார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதிதான் கிடைக்கும். அடிக்கிறவரை விட்டுவிட்டு அடி வாங்குகிறவரைப் பாருங்கள். முழங்காலில் அடி வாங்கியவர் பத்து நிமிடம் கழித்து ஓடும்போது நொண்டுகிறாரா? நொண்டினால் அவர் உங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். மறந்துவிட்டு ஜாலியாக ஓடினால் அந்தப் பத்து நிமிடமும் வீண்.

இதைப் பழக நாற்காலிக் கதைக்கு வெளியே ஒரே ஒரு பழைய மேட்ச் சொல்கிறேன். 1997 மார்ச் 23, ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா, 13-ஆவது, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட். பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின். நடுவர் கென் ஷாம்ராக். எதிராளி "போதும்" என்று ஒப்புக்கொண்டால்தான் ஜெயம்.

உள்ளே வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். கூட்டத்துக்கு நடுவே அடித்துக்கொள்கிறார்கள். பிரெட் ஆஸ்டினின் காலைத் தேடித் தேடி அடிக்கிறார், ஏனென்றால் அவருடைய முடிவு ஆயுதமான ஷார்ப்ஷூட்டர் காலைப் பின்னிப் புரட்டிப் போடும் பிடி. ஆஸ்டினின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிகிறது. கடைசியில் ஷார்ப்ஷூட்டரில் மாட்டிக்கொள்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்குகிறார், ரத்தம் பல்லிடுக்கில் இறங்குகிறது. ஒருமுறை பிடியை உடைக்கப் பார்க்கிறார், முடியவில்லை. ஆனால் போதும் என்று சொல்லவே இல்லை. மயங்கி விழுகிறார். ஷாம்ராக் மேட்சை நிறுத்துகிறார்.

ஜெயித்த பிரெட் அதோடு விடாமல் மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடி பிடிக்கிறார். ஷாம்ராக் அவரை இடுப்போடு தூக்கி எறிந்து, வா என்கிறார். பிரெட் வரவில்லை, இறங்கிப் போய்விடுகிறார். கூட்டம் அவரைப் பழிக்கிறது. ஆஸ்டின் உதவிக்கு வந்த இன்னொரு நடுவரையும் தள்ளிவிட்டுத் தானாக நொண்டி நடந்து போகிறார், அவர் பெயர் அரங்கமெங்கும் எழுகிறது. ஒரே மேட்சில் நல்லவர் கெட்டவராகவும் கெட்டவர் நல்லவராகவும் ஆகிவிட்டார்கள். யாரும் மைக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல மேட்ச் இன்னும் வரவில்லை.

இதை ஒருமுறை பார்த்த அப்புறம் இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கூட்டத்தின் குரல் எந்த நிமிடத்தில் கட்சி மாறுகிறது என்று காதிலேயே தெரியும். ரெஸ்லிங்கில் கூட்டமும் ஒரு பாத்திரம். அதைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ப்ரோமோ கேட்பது எப்படி

உரக்கக் கத்துவதுதான் நல்ல ப்ரோமோ என்று நினைத்துவிடாதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவர் ஏன் அவரோடு மோத வேண்டும் என்பது எனக்குப் புரிந்ததா?

1985-இல் டஸ்டி ரோட்ஸ் பேசியது இதற்கு அளவுகோல். ரிக் ஃப்ளேர் கூட்டம் அவருடைய கணுக்காலை உடைத்திருந்தது. ஃப்ளேர் பட்டு அங்கியும் ரோலக்ஸும் லிமோசினுமாகத் திரிகிறவர். டஸ்டி பருத்த உடம்புக்காரர், ஒரு பிளம்பரின் மகன். அவர் தன் கணுக்காலைப் பற்றிப் புலம்பவில்லை. வேலை போன நெசவாலைத் தொழிலாளியைப் பற்றிப் பேசினார், கார்த் தொழிற்சாலைக்காரரைப் பற்றிப் பேசினார், முப்பது ஆண்டு உழைத்தவனை ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைப்பதைப் பற்றிப் பேசினார். கஷ்ட காலம் என்றால் அதுதான், நீ நாடு முழுவதுக்கும் கஷ்ட காலத்தைக் கொடுத்தாய் என்று ஃப்ளேரைப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம் அந்தச் சண்டை ஒரு சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டையாக இல்லை.

கோடி ரோட்ஸ் அந்த டஸ்டியின் மகன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

முதல் நாற்காலி: 2014 ஜூன் 2

'தி ஷீல்ட்' என்று மூன்று பேர்: ரோமன் ரெய்ன்ஸ், சேத் ராலின்ஸ், டீன் ஆம்ப்ரோஸ். 2012 நவம்பரில் கறுப்பு உடுப்போடு வந்தவர்கள், சகோதரர்கள் மாதிரி. முந்தின இரவு டிரிபிள் ஹெச் என்ற மூத்த ரெஸ்லரின் கூட்டத்தை ஓர் ஆளைக்கூட இழக்காமல் வீழ்த்தியிருந்தார்கள். மறுநாள் ராவின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் போடுங்கள். டிரிபிள் ஹெச்சும் அவர் கூட்டத்து ராண்டி ஆர்ட்டனும் எதிரே நிற்கிறார்கள். மூவரும் ரிங்கில் நிற்கிறார்கள், சேத் கையில் நாற்காலி. அது ரோமனின் முதுகில் இறங்குகிறது.

அடிக்கு ஒரு நொடி முன்னால் ரோமன் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதுகை நம்பிக் கொடுத்தவர் அவர். தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-லேயே டபிள்யூடபிள்யூஇ நிறுத்திவிட்டது, அதனால் எல்லாமே முதுகில்தான் விழும். அந்தக் கட்டுப்பாடே இந்தக் கதைக்கு உதவியாகிவிட்டது என்பது என் எண்ணம். நெற்றியில் அடித்தால் அது சண்டை. முதுகில் அடித்தால் துரோகம்.

இரண்டாவது நாற்காலி: 2023 ஜனவரி 28

இடைப்பட்ட ஆண்டுகளை வேகமாகத் தாண்டலாம். ரோமனை நல்லவராக நிறுத்த நிறுவனம் ஆண்டுக்கணக்கில் முயன்றது, கூட்டம் ஏற்கவில்லை. 2018-இல் தனக்கு ரத்தப் புற்றுநோய் மீண்டும் வந்திருப்பதாகச் சொல்லி விலகினார், சில மாதங்களில் திரும்பினார். 2020 ஆகஸ்டில், அவருக்காக மைக் பிடிக்கும் பால் ஹேமன் பக்கத்தில் நிற்க, முழு ஹீலாக வந்து பெல்ட்டை எடுத்தார். "நான்தான் இந்தக் குலத்தின் தலைவன், என்னை ஒப்புக்கொள்" என்பது ஒன்றுதான் அவர் பேச்சு.

இங்கே நிதானமாகப் பாருங்கள். 2020 அக்டோபர் 25, ஹெல் இன் எ செல்லில் ரோமனும் அவருடைய உறவுக்காரர் ஜேய் ஊசோவும் மோதுகிறார்கள். ஜேய் எவ்வளவு அடி வாங்கியும் பணியவில்லை. அவருடைய இரட்டைச் சகோதரன் ஜிம்மி காலில் காயத்தோடு கெஞ்ச வருகிறார். ரோமன் அழுகிறார், கை நீட்டுகிறார், அந்தக் கையைப் பிடித்த ஜிம்மியின் கழுத்தையே இறுக்குகிறார். சகோதரனுக்காக ஜேய் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். ஒரு கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் பாசத்தையே கயிறாக்கி மற்றவர்களைக் கட்டிப்போடுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதேதான். சமோவா வழி வந்த குடும்பத்தின் கதை நமக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

2022-இல் இந்தக் குடும்பத்துக்குள் ஒட்டிக்கொள்ள வந்தவர் சாமி ஸெய்ன். ரத்த உறவு இல்லை. சிரியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர், சிரிக்க வைக்கிறவர். ஜேய்க்கு அவரைக் கண்டாலே ஆகாது. அப்புறம் இந்த வரிசையில் பாருங்கள்: செப்டம்பர் 23 ஸ்மாக்டவுனில் ரோமன் சாமியின் சட்டையைக் கழற்றச் சொல்லி வேறொரு சட்டை கொடுத்துக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வது. நவம்பர் 26 வார்கேம்ஸ் என்ற கூண்டுச் சண்டையில், சாமி தன் பழைய நண்பன் கெவின் ஓவன்ஸைக் காட்டிக்கொடுப்பதும், ஜேய் சாமியைக் கட்டிப்பிடிப்பதும். 2023 ஜனவரி 23 ராவில் சாமியின் விசுவாசத்தைப் பற்றி நடக்கும் விசாரணை. அதில் சாமிக்காகப் பேச எழுகிறவர் ஜேய்.

ஐந்து நாள் கழித்து ராயல் ரம்பிள் என்ற பெரிய நிகழ்ச்சியின் முடிவு. ஓவன்ஸைக் கயிற்றில் விலங்கு போட்டு மாட்டியிருக்கிறார்கள். ரோமன் நாற்காலியைச் சாமி கையில் கொடுத்து, அடி என்கிறார். சாமி தயங்குகிறார். ரோமன் அவரைத் திட்டி, முகத்தைத் தள்ளி, திரும்பி நிற்கிறார். 2014-இல் இருந்த அதே முதுகு.

சாமி அடித்தபோது நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் இரண்டாவது முறை பார்க்கும்போது ஜேயை மட்டும் பாருங்கள். மற்ற எல்லோரும் சாமி மேல் பாய்கிறார்கள். ஜேய் மட்டும் அழுத கண்ணோடு ரிங்கை விட்டு நடந்துபோகிறார். பேச்சே கிடையாது. பத்து ஆண்டில் நான் பார்த்த மிகச் சிறந்த நடிப்பு அது.

இந்தப் பகுதியை ஏப்ரல் 1-இல் முடித்துக்கொள்ளுங்கள். ரெஸில்மேனியா 39, முதல் இரவு, கடைசி மேட்ச்: சாமியும் ஓவன்ஸும் சேர்ந்து ஊசோ சகோதரர்களை வீழ்த்துகிறார்கள்.

மூன்றாவது நாற்காலி: 2024 ஏப்ரல் 7

இனி கோடியின் கதை. அவருடைய அப்பா டஸ்டி 1977-இல் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை ஜெயித்தும், எதிராளி ரிங்குக்கு வெளியே இருந்து எண்ணிக்கை முடிந்ததால் வந்த ஜெயம் என்பதால் பெல்ட் கைமாறவில்லை. அப்பாவுக்குக் கிடைக்காததை நான் எடுப்பேன் என்று 2022-இல் கோடி திரும்பி வந்தார்.

2023 பிப்ரவரியில் ஹேமனும் கோடியும் ரிங்கில் நின்று பேசியதைக் கட்டாயம் கேளுங்கள். ரோமன் தொடக்க நாட்களில் டஸ்டியிடம் பாடம் படித்தவர், இது நிஜம். ஹேமன் டஸ்டியை மனமாரப் புகழ்கிறார், கோடியின் கண் கலங்குகிறது. அப்புறம் மெதுவாகச் சொல்கிறார்: நீ உன் அப்பாவுக்குப் பிடித்த மகன்தான், ஆனால் அவர் ஆசைப்பட்ட மகன் ரோமன். குரலை உயர்த்தவே இல்லை. ப்ரோமோ என்றால் இதுதான்.

ரெஸில்மேனியா 39-இல் ரோமன் குடும்பத்துச் சோலோ சிகோவா குறுக்கிட, கோடி ரோமனிடம் தோற்றார். 2024 பிப்ரவரி தொடக்கத்தில் கோடியை ஒதுக்கிவிட்டு, நடிகராகிவிட்ட பழைய ரெஸ்லர் ராக்கை ரோமன் முன்னால் நிறுத்தப் பார்த்தார்கள். "கோடிதான் வேண்டும்" என்று ரசிகர்கள் விடாமல் எழுப்பிய குரலில் ஒரு வாரத்துக்குள் திட்டம் மாறியது. ரசிகர் கருத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவருக்கு இதைக் காட்டுங்கள்.

பிலடெல்ஃபியா, ரெஸில்மேனியா 40, இரண்டாம் இரவு. கடைசியில் யார் யாரோ உள்ளே வருகிறார்கள். ஜான் சீனா, ராக், பழைய ஷீல்ட் உடுப்பில் சேத், அண்டர்டேக்கர். முதல்முறை பார்க்கும்போது இரைச்சலாகத் தெரியலாம். கவலை வேண்டாம், நாற்காலியை மட்டும் பாருங்கள். அது ரோமன் கையில் இருக்கிறது. ஒருபக்கம் தடுமாறும் கோடி. கோடியை அடித்தால் பெல்ட் ரோமனுக்கே. இன்னொருபக்கம் அந்த உடுப்பில் குனிந்து கிடக்கும் சேத். ரோமன் இருவரையும் பார்க்கிறார். நாற்காலி சேத்தின் முதுகில் இறங்குகிறது.

அந்த ஓர் அடிக்கு ஆன நேரத்தில் கோடி எழுந்துவிட்டார். 1,316 நாள் ஆட்சி முடிந்தது.

கருத்துச் சொல்லத் தொடங்குங்கள்

இவ்வளவு பார்த்த அப்புறம் உங்களுக்கே கருத்துகள் வரும். தயங்காமல் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். "போர் அடித்தது" என்பது கருத்தாகாது. எந்த இடத்தில் சண்டைக்கான காரணம் உங்களை விட்டு நழுவியது என்று சொன்னால் அது கருத்து.

என்னுடையவை இரண்டு. 2023 பிப்ரவரி 18, மான்ட்ரியலில் தன் சொந்த மண்ணில் சாமி ரோமனிடம் தோற்றது சரி என்பேன். பலர் இன்றும் கோபப்படுகிறார்கள். சாமியின் கடன் பெல்ட்டோடு இல்லை, ஜேயோடும் ஓவன்ஸோடும் இருந்தது. அந்த மேட்சில் சாமி ரோமன் மேல் பாய, தவறி ஜேய் மேல் இடித்தது. கதை அங்கே இருந்தது. ஆனால் நடுவர் விழுவதும் ஆட்கள் நுழைவதும் கொஞ்சம் அதிகம்.

ரெஸில்மேனியா 39-இல் கோடி தோற்றது மட்டும் தவறு. அதற்கப்புறம் ரோமன் எப்போதாவதுதான் வந்தார், பெரிய பெல்ட் வாரக்கணக்கில் கண்ணில் படவே இல்லை. அன்று கோடி ஜெயித்திருந்தால் மூன்றாவது நாற்காலி இல்லை என்று நண்பர்கள் மடக்குவார்கள். தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. ரா நமக்குச் செவ்வாய் காலை, ஸ்மாக்டவுன் சனிக்கிழமை காலை. முழு ராவையும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம், தொடக்க ப்ரோமோவும் கடைசி மேட்சும் போதும். பெரிய நிகழ்ச்சிகளை மட்டும் விடாதீர்கள், அன்று காலை போனைத் தள்ளி வையுங்கள், முடிவு தெரியாமல் பாருங்கள். முழுக்கப் பத்துப் பாத்திரங்களைத் துரத்தாமல் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். யாரை என்று கேட்டால் ஜேய் ஊசோவை என்பேன். 2020-இல் கழுத்து நெரிபடும் சகோதரனுக்காகத் தோற்றவர், 2025 ஏப்ரலில் லாஸ் வேகஸ் ரெஸில்மேனியாவில் தனியாக நின்று உலகப் பெல்ட் வாங்கினார். அந்த மேட்சுக்கு அவர் நடந்து வரும்போது எல்லாக் கைகளும் மேலும் கீழும் ஆடும். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.